முகம் போடிக்கு, முதுகு மலைக்கு

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறியவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் மலையைப் பார்த்துக்கொண்டுதான் ஏறினார்கள். தன் காரின் முகத்தைப் போடிக்கும் முதுகை மலைக்கும் காட்டிக்கொண்டு, ஏழு மைல் மலைப்பாதையை முப்பது வருஷம் பின்பக்கமாகவே ஏறியவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. அவருக்கே மறந்திருக்கும் என்பது என் சந்தேகம். ஊருக்கு அவர் ரிவேர்ஸ் அண்ணன்.

அவர் செய்தது கிறுக்குத்தனம் இல்லை. குறைந்தபட்சம் ஆரம்பத்தில் இல்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஏலத்தோட்டத்துப் பெரிய முதலாளி, அடிவாரத்திலிருந்து தன் பங்களா வரைக்கும் சொந்தச் செலவில் ஒரு மோட்டார் ரோடு போட்டார். அதுவரை அந்தச் சரிவில் ஏறியதெல்லாம் கழுதைகளும் தலைச்சுமைக்காரர்களும்தான். ரோட்டின் அகலம் ஒரு காரும் ஒரு ஆடும். அடிவாரத்தில் இரண்டு கல்தூண், குறுக்கே ஒரு சங்கிலி. சங்கிலியின் சாவி முதலாளியிடம் ஒன்று, ரிவேர்ஸ் அண்ணனிடம் ஒன்று. ரோடு போட்ட கையோடு முதலாளி ஒரு சீமைக் காரும் வாங்கினார். கம்பிச் சக்கரம், மடக்குகிற கித்தான் கூரை, அமுக்கினால் வாத்து மாதிரி கத்துகிற ரப்பர் ஹாரன்.

அந்தக் காரில் பெட்ரோல் டாங்கி முன் ஸீட்டுக்கு அடியில் இருந்தது. பெட்ரோலைத் தள்ளிவிடப் பம்பு கிடையாது. வாய்க்கால் தண்ணீர் போல அது தானாக என்ஜினுக்கு இறங்கி ஓட வேண்டும். சமதளத்தில் சரி. ஏற்றத்தில் மூக்கைத் தூக்கினால் என்ஜின் மேலே போய்விடும், டாங்கி கீழே தங்கிவிடும். வண்டி நாலு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். திருப்பிப் போட்டு ரிவேர்ஸில் ஏற்றினால் டாங்கி மேலே, என்ஜின் கீழே. ஜம்மென்று ஏறும். இதை யாரும் சொல்லித்தராமல் தானே கண்டுபிடித்தவர் நம் அண்ணன்.

முப்பது வருஷம் இடது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தே வண்டி ஓட்டினால் கழுத்து என்ன ஆகும்? அப்படியே நின்றுவிட்டது. போட்டோ ஸ்டூடியோவில் "அண்ணே, இங்கிட்டுப் பாருங்க" என்றால் தலையைத் திருப்ப மாட்டார், உடம்பைத் திருப்புவார். டீக்கடைக்குள் அவர் பின்பக்கமாக நுழைவார் என்று சிலர் சொல்வது பொய். வெளியே வரும்போதுதான் பின்பக்கமாக வருவார்.

முதலாளியைப் பார்க்கப் புதிதாக மலைக்கு வந்த ஒரு ஜீப்புக்காரர் அவரிடம் மாட்டிய கதையைச் சொல்லியாக வேண்டும். ஜீப் மேலேயிருந்து இறங்குகிறது. வளைவு திரும்பினால் எதிரே அண்ணன் காரின் பின்புறம். நமக்கு முன்னால் ஒரு வண்டி இறங்கிப் போகிறது என்று நினைத்த ஜீப்புக்காரர், சீக்கிரம் போகச்சொல்லி ஹாரன் அடித்தார். போகவேண்டிய வண்டி இவரை நோக்கி வந்தது.

"யோவ், வண்டி பின்னால உருளுதுய்யா! பிரேக்கப் புடி!"

"உருளலப்பு, ஏறுது. ஏறுற வண்டிக்குத்தான் வழி. நீ ஒதுங்கு."

"நானும் கீழ பாத்து நிக்கிறேன், நீயும் கீழ பாத்து நிக்கிற. இதுல யாருய்யா ஏறுறது?"

"யாருக்குக் கழுத்து வலிக்குதோ அவந்தான் ஏறுறான்" என்றார் அண்ணன். ஜீப்புக்காரர் அரை மைல் பின்னால் ஏறிப்போய் வழிவிட்டார். அன்று அவருக்கும் கழுத்து வலித்திருக்கும்.

எழுபதுகளில் பெரிய முதலாளி காலமாகி, சின்ன முதலாளி தோட்டத்துக்கு ஒரு ஜீப் வாங்கினார். அதை ஓட்டச் சொல்லி அண்ணன் கையில் சாவியைக் கொடுத்தார். அண்ணன் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடிவாரத்துக்குப் போனார், சங்கிலியை அவிழ்த்தார், ஜீப்பைத் திருப்பிப் போட்டு ரிவேர்ஸில் ஏற்ற ஆரம்பித்தார்.

"இதுக்குப் பம்பு இருக்குய்யா, நேராவே ஏறும்!" என்று சின்ன முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏறும் முதலாளி. ஜீப்பு ஏறும். நான் ஏறமாட்டேன்."

அதோடு ஜீப் வேறு டிரைவருக்குப் போயிற்று. அண்ணன் பழைய காரோடு போடியில் இருந்த கொட்டகைக்குப் போனார். தினமும் துடைப்பார், வாரம் ஒருமுறை கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பிப் பார்ப்பார். மலையேறும் சோலி மட்டும் வரவில்லை.

அது வந்தது என்னால்தான்.

நான் அப்போது அந்தத் தோட்டத்தின் போடி கிட்டங்கியில், ஏலக்காய் மூட்டை அடுக்குகிற கிடங்கில், குமாஸ்தா. இருபத்தேழு வயது. என்னைப் பார்த்த ஐந்து பெண் வீட்டாரும், "பையன் நல்ல பையன், இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தச் சமயம் மலைக்கு ஒரு புது ரைட்டர் வந்தார். தோட்டத்தில் ஆள் கணக்கும் வேலையும் பார்க்கிறவருக்கு ரைட்டர் என்று பெயர். கேரளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, கிட்டங்கி வாசலில் ஜீப்பில் சாமான் ஏற்றினார். அவர் மகள் செண்பகம் கோழிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடையைச் சரியாக வைக்கப் போன என் விரலைக் கோழி கொத்தியது. அவள் சிரித்தாள். என் கதை அங்கேயே முடிந்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து அம்மா மூலம் பேச்சு நடந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச்சொன்னார்கள். கூடவே ஒரு எச்சரிக்கையும் வந்தது. முந்தின வருஷம் பழைய தோட்டத்தில் இருந்தபோது செண்பகத்தைப் பார்க்கக் கிளம்பிய ஒரு கூட்டம், வழியில் அட்டை கடித்ததும், "இந்தக் காட்டுல சம்பந்தமா?" என்று பாதி மலையிலேயே திரும்பிப் போய்விட்டதாம். வாழையிலை போட்டுக் காத்திருந்த ரைட்டர் அன்று ஒரு சபதம் செய்திருந்தார். இன்னொரு கூட்டம் இப்படிப் பாதி வழியில் திரும்பினால், இந்தப் பெண்ணுக்கு இனிமேல் மாப்பிள்ளையே பார்ப்பதில்லை. மனிதர் சொன்னால் சொன்னதுதானாம்.

ஞாயிறு காலை ஜீப்பின் ஆக்ஸில் உடைந்தது. நாலரைக்கு ராகுகாலம். ஏழு மைல் நடந்தால் அம்மாவால் முடியாது. மத்தியானம் வரைக்கும் மெக்கானிக்கை நம்பி இருந்துவிட்டு நான் கொட்டகைக்கு ஓடினேன். ரிவேர்ஸ் அண்ணன் ஏற்கெனவே தலை வாரி, திருநீறு பூசி, காருக்கும் பூசிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"ஜீப்பு ஒடஞ்சது எட்டு மணிக்கே தெரியும் தம்பி. நீ ஏன் இம்புட்டு நேரம்?"

அம்மா, நான், என் தாய்மாமன் மூன்று பேரும் ஏறினோம். குறை கண்டுபிடிப்பதில் என் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் முன் ஸீட்டில், அண்ணனுக்கு இடப்பக்கம். அண்ணன் இடது தோளுக்கு மேல் திரும்பித்தானே ஓட்டுவார்? ஏழு மைலும் இரண்டு பேரும் முகத்துக்கு முகம்.

"பொண்ணு பாக்கப் போறப்ப பின்னாலயாய்யா போறது? வெளங்குமா?" என்றார் மாமா.

"பொண்ணு பிடிக்கலைன்னா வரும்போது நேரா வந்துக்கலாம்ணே. எறங்குறதுக்கு முன்கியருதான்."

முதல் மூன்று வளைவுக்கு அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு குலசாமியைக் கூப்பிட்டாள். நாலாவது வளைவில் ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இரண்டையும். போடியிலேயே பிறந்து வளர்ந்த அம்மா, போடியை மேலேயிருந்து பார்த்ததே இல்லை. எங்கள் முன்னால் ஊர் மொத்தமும் விரிந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டிருந்தது. மாந்தோப்பு, இலவ மரங்கள், ரயில் தண்டவாளம், ஓட்டுக் கூரைகள்.

"யாத்தே! அந்தா நம்ம வீடு! கொடியில உன் சட்டை காயுதுடா!" என்று கத்தினாள். சட்டை தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அம்மா சொன்னால் எனக்கும் தெரிந்தது.

இதற்குள் மேலே ஒரு விபரீதம் நடந்துகொண்டிருந்தது. அதைப் பின்னால் செண்பகம் சொல்லித்தான் தெரியும்.

ரைட்டர் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு எதிரே ஒன்பதாவது வளைவு மட்டும் தெரியும். மற்றதெல்லாம் காடு. ரைட்டர் மத்தியானத்திலிருந்து அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கார் தெரிந்தது. காரின் முகம் கீழே பார்த்திருந்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் கீழே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த நிமிஷம் கார் காட்டுக்குள் மறைந்தது.

"போயாச்சு! இவங்களும் திரும்பிப் போயாச்சு!"

தோட்டத்து ஆட்கள், "இல்ல ரைட்டரே, அந்த வண்டி அப்படித்தான் வரும்" என்று உண்மையைச் சொன்னார்கள். அவர் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டார்.

"மதி, மதி! போதும்! மூஞ்சி அங்கிட்டு இருக்க வண்டி எங்கயாச்சும் இங்கிட்டு வருமா? என்னைச் சமாதானப்படுத்தாதீங்க. அந்தக் கேசரியை எடுத்து நீங்களே தின்னுங்க."

செண்பகம் பட்டுப்புடவையை அவிழ்த்து மடித்துவிட்டு, வீட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டாள். அழவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறாள். நான் நம்பவில்லை.

நாலு மணிக்கு எங்கள் கார் பின்பக்கமாக முற்றத்தில் வந்து நின்றது. வரவேற்க ஒருவர் இல்லை. ஒரு பத்துப் பேர் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் ஹாரனை அமுக்கினார். ரைட்டர் கதவைத் திறந்து வெளியே வந்தார்.

"திரும்பிப் போனவங்க எதுக்கு மறுபடி வந்தீங்க?"

"நாங்க எங்கய்யா திரும்பிப் போனோம்?" என்று மாமா எகிறினார்.

"நான் கண்ணால பாத்தேன். எந்தா இது, இப்பக்கூட வண்டி ஓடுறதுக்குத் தயாரா கீழ பாத்துத்தான் நிக்குது!"

"வந்தவங்கள வாசல்ல நிறுத்திப் பேசுற வீட்டுல நமக்கென்ன மாப்ளே சோலி? கெளம்பு!" என்றார் மாமா. ராகுகாலத்துக்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம். கதவிடுக்கில் கோழிக்கூடைக்காரியின் கண் தெரிந்தது. மாமா காரில் ஏறிவிட்டால், அந்தக் கண்ணை இனிமேல் நான் பார்க்கப் போவதில்லை.

ரிவேர்ஸ் அண்ணன் காரிலிருந்து இறங்கி, ரைட்டர் முன்னால் போய், உடம்பைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"ரைட்டரே, இது பேசிப் புரியிற விசயமில்ல. ஏறி உக்காருங்க. ஒம்பதாவது வளைவு வரைக்கும் எறங்கி ஏறுவோம். பெறகு நீங்க என்ன சொன்னாலும் சரி."

"நான் எதுக்கு ஏறணும்?"

கதவு திறந்தது. செண்பகம் வீட்டுப் புடவையோடு வெளியே வந்தாள். "திரும்பிப் போகணும்னு நெனச்சவுக இம்புட்டுத் தூரம் வருவாகளாப்பா? ஏறிப் பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டு, யார் சம்மதத்துக்கும் நிற்காமல் பின் ஸீட்டில் ஏறி, என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் ஏறிய பிறகு அப்பா என்ன செய்வார்? மாமா இறங்கிக் காலி செய்த முன் ஸீட்டில் ஏறினார். பின் ஸீட்டில் நடுவில் அம்மா, அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். மாமா மட்டும், "நான் வரல" என்று முற்றத்தில் நின்றுகொண்டார்.

கார் நேராகக் கீழே இறங்கியது. ஒன்பதாவது வளைவில் அண்ணன் வண்டியை நிறுத்தி, ரிவேர்ஸ் போட்டார். கார் பின்பக்கமாக மலையேறத் தொடங்கியது. ரைட்டர் கதவைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்த காரில் உட்கார்ந்து மேலே போய்க்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்கியது. பயந்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். மனிதர் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆளுங்க சொன்னது நெசந்தான். இந்த வண்டிக்குப் பம்பு இல்ல, சரி. ஜீப்பக்கூட இப்படித்தான் ஏத்தினீராமே, அது எதுக்கு?" என்று கேட்டார்.

"அப்ப வண்டிக்கு வேற வழி இல்ல ரைட்டரே. பெறகு எனக்கு வேற வழி பிடிக்கல. முன்னால பாத்து ஏறுனா வெறும் பாறையும் புதரும். இப்படி ஏறுனா, கூட வர்றவுக ஊரப் பாத்துக்கிட்டே வருவாக. அவுக மொகம் எனக்குத் தெரியும்."

அப்போதுதான் செண்பகம் முன்னால் குனிந்து, பனி விலகிய பள்ளத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அத்தே, அதுல உங்க வீடு எது?"

அத்தே என்றுவிட்டாள். அதற்குமேல் தட்டு மாற்ற என்ன இருக்கிறது? அம்மா அவள் கையைப் பிடித்து நீட்டி, "அந்தா, தண்டவாளத்துக்கு அங்கிட்டு ரெண்டு இலவமரம் நிக்குதுல்ல ஆத்தா, அதுக்கு நடுவுல..." என்று ஆரம்பித்தாள். என் சட்டையையும் காட்டினாள். இருவர் முகத்தையும் பார்த்தபடி அண்ணன் வண்டியை ஏற்றினார். ராகுகாலத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முற்றத்துக்கு வந்து சேர்ந்தோம். மாமா ஆட்களோடு உட்கார்ந்து கேசரிச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கேசரியில் மட்டும் அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. எங்களுக்கு ஏலக்காய் போட்ட கட்டன் சாயாதான் கிடைத்தது.

எண்பதுகளில் சின்ன முதலாளி அந்தக் காரைப் பழைய கார் சேர்க்கிற ஒரு சென்னைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். லாரி வந்தது. பலகை போட்டு நேராக ஏற்றச் சொன்னார்கள். அண்ணன் காரைத் திருப்பிப் போட்டு ரிவேர்ஸில் ஏற்றினார். லாரி கிளம்பித் தெருமுனை திரும்பும் வரைக்கும் காரின் முகம் எங்களைப் பார்த்துக்கொண்டே போனது. நானும் செண்பகமும் அழுதோம். அண்ணன், "கழுத்து வலிக்குது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு வருஷத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். எனக்கு ஒரு குடும்பத்தைக் கொடுத்த மனிதர். அவர் இல்லாத மலை எனக்கு இன்னும் பழகவில்லை.

இப்போதும் போடிமெட்டு பஸ்ஸில் மலையேறும்போது நானும் அவளும் கடைசி ஸீட்டில் உட்கார்ந்து, பின் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு போவோம். போன மாதம் ஒரு புதுக் கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, விசிலை வாயில் வைத்தபடி, "என்னம்மா, இன்னும் யாராச்சும் ஏறணுமா?" என்று கேட்டார்.

"ஒரு அண்ணன் வரணும்" என்றாள் செண்பகம். "நீங்க போங்க தம்பி. அவரு பின்னாலயே வந்துருவாரு."