கம்பவுண்டரை முந்திய கதை

வீரபாண்டிக்கும் தேனிக்கும் நடுவில் கம்பவுண்டரைக் கேட்காமல் ஒரு காக்காய்கூட முந்திப் பறந்தது கிடையாது. அப்படிப் பறந்த காக்காய் எதுவும் பிறகு உருப்பட்டதில்லை என்று எங்கள் பால்காரர் சொல்வார். நான் காக்காயைவிட விவரம் குறைந்தவன். முந்தினேன்.

எழுபதுகளில் நான் தேனியில் ஒரு ஜின்னிங் மில்லில் கணக்குப்பிள்ளை. வீடு வீரபாண்டியில். காலை நேரத்தில் அந்தச் சாலையில் பஸ்ஸைவிட சைக்கிள்தான் அதிகம். மில்லுக்குப் போகிறவர்கள், கடை திறக்கப் போகிறவர்கள், பால் கேன் தொங்கவிட்டவர்கள், வாத்தியார்கள் என்று ஊரில் பாதி பெடலை மிதித்துக்கொண்டு போகும். அந்தக் கூட்டத்துக்குச் சட்டம் போட்டு நடத்தியவர் கம்பவுண்டர். அவரை யாரும் நியமிக்கவில்லை. தேனியில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. அவர் பெயர் அந்த டாக்டருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, பேண்ட் காலில் கிளிப். காற்று நம் பக்கம் அடித்தால் ஆளுக்கு முன்னால் டிங்சர் வாசம் வந்து சேரும்.

அவருடைய சட்டம் இதுதான். முந்த நினைப்பவன் முதலில் ஒரு பெல் அடிக்க வேண்டும். பின்னால் ஆள் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அப்புறம் இரண்டு பெல். போகலாமா என்று அர்த்தம். முன்னால் போகிறவர் இடது கையைத் தூக்கினால் போகலாம். தூக்காவிட்டால் பின்னாலேயே வர வேண்டும். தாண்டும்போது "வர்றேண்ணே" என்று சொல்ல வேண்டும். "போறேன்" என்றால் அபசகுனம். முந்திய பிறகு வேகத்தைக் குறைக்கக் கூடாது. "முந்திட்டு முன்னால போயி ஆடி அசைஞ்சு போறது, பந்தியில எடத்தப் பிடிச்சுட்டுச் சாப்பிடாம உக்காந்திருக்கிற மாதிரி" என்பார். மேட்டில் மூச்சு வாங்குகிறவனை முந்தக் கூடாது. துக்க வீட்டுக்குப் போகிறவனை முந்தவே கூடாது.

"துக்க வீட்டுக்குப் போறான்னு எப்படிண்ணே தெரியும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?"

"பின்னால வர்றவனுக்கு மூஞ்சி எப்படித் தெரியும்?"

"அப்ப முதுகப் பாருங்க."

ஒரு நாள் முத்துத்தேவன்பட்டிப் பக்கம் எருமைகள் சாலையை அடைத்துக்கொண்டு போயின. நாங்களெல்லாம் ஹேய் ஹேய் என்று கத்தினோம். கம்பவுண்டர் கடைசி எருமைக்குப் பின்னால் போய் ஒரு பெல் அடித்தார். பிறகு இரண்டு பெல் அடித்துக் காத்திருந்தார். எருமை வாலைத் தூக்கியது. "உத்தரவு குடுத்திருச்சு" என்று சொல்லிவிட்டு அவர் தாண்டிப் போனார். எருமை வேறு காரணத்துக்காகத் தூக்கியிருக்கலாம். அதை அடுத்தபடி தாண்டியவன் நான் என்பதால் எனக்குத் தெரியும்.

அவரை நான் முதல்முதலில் முந்தியபோது இந்தச் சட்டம் எதுவும் எனக்குத் தெரியாது. புது சைக்கிள், புது வேலை, புதிதாக வைத்த மீசை. விசிலடித்துக்கொண்டு ஒரு ஒல்லி முதுகைத் தாண்டினேன். பின்னாலிருந்து "தம்பி! நில்லுங்க! ஏ தம்பி!" என்று கூப்பாடு கேட்டது. சாப்பாட்டுத் தூக்கு விழுந்துவிட்டதோ என்று பதறி நிறுத்தினேன்.

வந்து காலை ஊன்றினார். "இப்ப என்னையத் தாண்டிப் போனீகளே, என்னா அவசரம்?"

"அவசரம் ஒண்ணும் இல்லைங்க."

"அவசரம் இல்லாமயா தாண்டுனீக?" அவருக்கு அதுதான் இன்னும் அதிகமாக வலித்தது. "பெல்லு எதுக்கு இருக்கு? வண்டிக்குப் பொட்டு வச்ச மாதிரியா?"

பிறகு சட்டம் முழுவதையும் சொன்னார். சொல்லிவிட்டு, "திரும்பப் போயி, எனக்குப் பின்னாலருந்து ஒழுங்கா வாங்க" என்றார்.

நான் பி.காம். பாஸ் செய்தவன். மில்லில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு பஞ்சுப் பொதி வெளியே போகாது. அப்பேர்ப்பட்ட நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், பின்னாலிருந்து வந்து, பெல் அடித்து, அவர் கையைத் தூக்கிய பிறகு "வர்றேண்ணே" என்று சொல்லித் தாண்டினேன். "நல்லது" என்றார். பழனிசெட்டிபட்டி வருவதற்குள் பெல் அடித்து, நான் கையைத் தூக்கியதும் "வர்றேன் தம்பி" என்று சொல்லி என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. இந்த மனிதரைச் சட்டப்படி முந்தி, முந்தியபடியே தேனிக்குள் நுழைய வேண்டும். வாழ்க்கையில் எனக்கு வேறு லட்சியமே இல்லாமல் போனது. சீட்டை உயர்த்தினேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன். காலையில் ஊறவைத்த நிலக்கடலை தின்றேன். கனம் குறையட்டும் என்று ஸ்டாண்டைக் கழற்றினேன். அதற்குப் பிறகு வண்டியை நிறுத்த ஊர் ஊராகச் சுவர் தேடினேனே தவிர வேகம் வரவில்லை. நிலக்கடலையால் வந்தது வேறு. அதற்கு மருந்தும் அவரிடமே வாங்கிக் குடிக்க வேண்டியிருந்தது. "நல்லாக் குலுக்கிட்டுக் குடிங்க" என்று பாட்டிலைக் கொடுத்தவர், "ரெண்டு நாளைக்கு என்னைய முந்த வேணாம்" என்று பத்தியமும் சொன்னார்.

இந்த நிலையில் எனக்குக் கல்யாணம் ஆனது. மனைவி வசந்தா கூடலூர்க்காரி. மாமனார் திராட்சைத் தோட்டக்காரர். கல்யாணமான புதிதில், ஆனி மாதம், தேனியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பஸ்ஸில் போகலாம் என்றாள் வசந்தா. பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக இருந்தவளை, "நம்ம வண்டி இருக்கையில பஸ் எதுக்கு?" என்று கேரியரில் ஏற்றினேன்.

முத்துத்தேவன்பட்டி தாண்டியதும் முன்னால் அந்த ஒல்லி முதுகு தெரிந்தது.

காற்று எங்களுக்குப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். இதைவிட நல்ல முகூர்த்தம் வாய்க்குமா? ஒரு பெல் அடித்தேன். இரண்டு பெல் அடித்தேன். கம்பவுண்டர் கையைத் தூக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். திரும்பாமலே கையைப் பக்கவாட்டில் நீட்டி, வேண்டாம் என்று ஆட்டினார்.

"யாருங்க அந்த ஆளு? எதுக்கு வேணாங்கிறாரு?" என்றாள் வசந்தா.

"நீ கெட்டியாப் பிடிச்சுக்க" என்றேன். அதுதான் அன்றைக்கு நான் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கலாம்.

சட்டத்தை மீறி முந்தினேன். முந்தின கையோடு வாய்க்கால் பாலம் வந்தது. பாலத்து ஓரத்தில் ஒரு பள்ளம். சைக்கிள் ஒரு குதி குதித்து இறங்கியது. அதற்குப் பிறகுதான் அதிசயம் நடந்தது. வண்டி இறகு மாதிரி ஆகிவிட்டது. தொடையில் புதுப் பலம் ஊறியது. பனை மரங்கள் பின்னால் ஓடின. பால்காரரை முந்தினேன். வாத்தியாரை முந்தினேன். எதிரே வந்தவர்கள் கையை ஆட்டி என்னமோ கத்தினார்கள். புகழ்கிறார்கள் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன்.

போகிற வழியெல்லாம் வசந்தாவிடம் பேசிக்கொண்டே போனேன். அவள் ஒரு வார்த்தையும் திருப்பிப் பேசவில்லை. அசந்து போயிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தேனிக்குள் நுழைந்து ஒரு டீக்கடை முன்னால் காலை ஊன்றி, "பாத்தியா, எப்படி?" என்று கேட்டேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னையும் கேரியரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருகிட்டங்க கேக்குறீக?"

வாழ்க்கையில் நான் கம்பவுண்டரை முந்தியபடியே தேனிக்குள் நுழைந்தது அன்று ஒருநாள்தான்.

அலறியடித்துக்கொண்டு திரும்பினேன். பழனிசெட்டிபட்டியில் எதிரே வந்தார்கள். கம்பவுண்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் வசந்தா. முழங்கையில் அவருடைய கைக்குட்டைக் கட்டு, பட்டுச்சேலையில் சேறு, மல்லிகைப்பூ ஒரு நூலில் தொங்கியது. அடுத்தவர் மனைவியைக் கேரியரில் ஏற்றக் கூடாது என்பதும் சட்டத்தில் இருந்தது போல. அங்கிருந்து நடத்தியே கூட்டிவந்திருக்கிறார்.

"கணக்குப்பிள்ள, ஆள பாலத்துலயே விட்டுட்டு வந்துட்டீக" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

வசந்தா அதுகூடச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். சாப்பிட்டாள். கல்யாணத்துக்கு வந்திருந்த அவள் அம்மாவோடு நேராகப் போய்க் கூடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். நான் ஜன்னலுக்குக் கீழே நின்று கெஞ்சினேன்.

"சைக்கிள்லதான தொலச்சீக? சைக்கிள்லயே வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள். பஸ் போய்விட்டது.

தேனியிலிருந்து போனால் கூடலூர் கிட்டத்தட்ட மலையடிவாரம். குமுளி மலையிலிருந்து இறங்குகிற காற்று அந்தச் சாலை நெடுக மூஞ்சியில் அறையும். நல்லவேளையாக அடுத்து ஆடி வந்தது. "ஆடிக்குப் பொண்ணு பொறந்த வீட்டுக்குப் போறது வழக்கந்தான?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சமாளித்தேன். சாலையில் யாரும் நம்பவில்லை. பால்காரர் என்னைத் தாண்டும்போதெல்லாம், "பின்னாடி ஆள் இருக்கான்னு பாத்துக்கங்க" என்பார். ஆடி முடிந்து ஆவணியும் வந்தது. என்னிடம் சொல்வதற்கு மாதம் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் இருட்டில் நானே விளக்குப் போட்டு, நானே வைத்த ரசத்தை நானே சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கம்பவுண்டரை முந்துகிற ஆசையெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் வாசலில் பெல் சத்தம் கேட்டது. ஒரு பெல். பிறகு இரண்டு.

"கிளம்புங்க" என்றார் கம்பவுண்டர்.

"எங்கண்ணே?"

"கூடலூருக்கு."

"நீங்க எதுக்குண்ணே இந்தக் காத்துல?"

அவர் ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "வேணாம்னு கைய ஆட்டுனேன். ஏன் வேணாம்னு சொல்லல. பாலத்துல பள்ளம் கெடக்குன்னு ஒரு வார்த்த கத்தியிருந்தா நீங்க முந்தியிருக்க மாட்டீக."

"கத்தியிருந்தாலும் முந்தியிருப்பேண்ணே."

"அது எனக்கும் தெரியும். கிளம்புங்க."

சின்னமனூர் வரை கௌரவமாகப் போனேன். உத்தமபாளையத்தில் ஒரு புளியமரத்தடியில் சைக்கிளோடு சேர்ந்து படுத்துவிட்டேன். கம்பவுண்டர் பையிலிருந்து ஏதோ சிவப்பு மருந்தை எடுத்து ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தார். என்ன மருந்து என்று கேட்டதற்கு, "மாமியார் வீட்டுக்குப் போறவுகளுக்குக் குடுக்குறது" என்றார். கம்பம் தாண்டியதும் காற்று எங்களை நிறுத்தியே வைத்தது. ஆடு ஓட்டிக்கொண்டு நடந்துபோன ஒரு அம்மா எங்களை முந்தினாள். கம்பவுண்டர் மரியாதையாக இடது கையைத் தூக்கினார்.

கூடலூரில் மாமனார் வாசலில் நின்றார். தலையெல்லாம் புழுதியாக இரண்டு உருவங்கள் வந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு, "யாரு?" என்று கேட்டார். பிறகு, "மாப்ளயா! அடப் பாவமே, சைக்கிள்லயா வந்தீக?" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

தண்ணீர் கொண்டுவந்தது வசந்தா. முதலில் கம்பவுண்டருக்குக் கொடுத்தாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தங்கச்சி, இவுக வண்டி ஓட்டத் தெரியாத ஆளு. மனுசன் கெட்டவரில்ல" என்றார். நாற்பது கிலோமீட்டர் எதிர்காற்றில் வந்து எனக்குக் கிடைத்த நற்சான்று அது.

வசந்தா என் பக்கம் திரும்பினாள். "நான் விழுந்த பெறகும் தேனி வரைக்கும் பேசிக்கிட்டே போனீகளாம்ல. பால்கார அண்ணன் கல்யாண வீட்டுல வந்து சொன்னாக. என்னா பேசுனீக?"

மாமனார் நின்றார், மாமியார் கதவோரம் நின்றார், கம்பவுண்டர் சொம்போடு நின்றார். நான் சைக்கிள் பெல்லைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"சொல்லுங்க."

"உன்னையக் கட்டுன பெறகுதான் என் காலுக்கு இவ்வளவு பலம் வந்துருக்குன்னு..."

"யாரு, நான் எறங்குன பெறகா?"

அவளால் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மாமியார் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தார். குமுளிப் பக்கம் வியாபாரம் பார்த்த மாமனார், "கொள்ளாம் மாப்ளே, கொள்ளாம்" என்று மலையாளத்தில் பாராட்டிவிட்டுக் கோழி பிடிக்கப் போனார்.

மறுநாள் காலையில் திரும்பினோம். மாமியார் பஸ்ஸில் போகச் சொன்னார். வசந்தா கேட்கவில்லை. கேரியரில் ஏறி, ஒரு கையால் சீட்டுக் கம்பியையும் இன்னொரு கையால் என் சட்டையையும் முறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காற்று இப்போது எங்களுக்குப் பின்னால். ஆனாலும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இறங்கி, ஒவ்வொரு பாலத்திலும் உருட்டி, கல்யாண ஊர்வலத்துக்கு நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில் போனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முந்தினார்கள். வைக்கோல் வண்டி முந்தியது. நேற்றைய ஆட்டுக்கார அம்மாகூட முந்தியிருப்பாள், நல்லவேளை அவள் அந்தப் பக்கம் வரவில்லை.

சின்னமனூர் தாண்டியதும் எனக்கே பாவமாக இருந்தது. "அண்ணே, நாங்க மெதுவா வர்றோம். டாக்டர் தேடப்போறாரு, நீங்க முன்னால போங்க" என்று கத்தினேன்.

"நீங்க ரோட்டப் பாருங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கொஞ்ச தூரம் போய் வசந்தாவிடம் கேட்டேன். "போயிட்டாரா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "இல்லங்க. நான் கேரியர்ல இருக்கேனான்னு பாத்துக்கிட்டே வாராக."

பின்காற்றும் இறக்கமுமாகக் கிடந்தது சாலை. வீரபாண்டி வரைக்கும் அந்த மனிதர் எங்களை முந்தவேயில்லை.