விருந்தாளிக்கு ஒதுக்கிய மெமரி

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம், கணினியும் இன்று மதியம் முதல் நலம். அங்கே நீங்களும் எங்கள் மகளும் நலமாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே "மீட்டிங் மாமா" என்று வைத்துவிடுவீர்கள் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

பழைய கணினி மண்டையைப் போட்டு, அத்தையின் எம்பிராய்டரிக் கடையில் தையல் மெஷினை ஓட்டும் மென்பொருள் புதியதில் ஓட மறுத்தபோது, கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி, அதாவது விர்ச்சுவல் மெஷின், உண்டாக்கிக்கொள்ளலாம் என்று நீங்கள்தான் வழி சொன்னீர்கள். "மெமரி எவ்வளவு, பிராசசர் எவ்வளவுன்னு கேக்கும் மாமா. அதுவே காட்டற டிஃபால்ட்டை விட்டுடுங்க, எதையும் தொடாதீங்க" என்றும் சொன்னீர்கள். தொடக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் வெளியே இருக்கும் கணினிதான் வீட்டுக்காரராம், உள்ளே வருவது விருந்தாளியாம், திரையிலேயே ஹோஸ்ட், கெஸ்ட் என்றுதான் போட்டிருந்தது. ஓய்வு பெறும்வரை கல்லூரி விடுதியின் சாப்பாட்டுக்கூடத்தை நிர்வகித்தவன் நான், விருந்தாளிக்கு அரை வயிறு போட எனக்குக் கை வருமா, ஒரு துளி மெமரியை மட்டும் வீட்டுக்காரருக்கு வைத்துவிட்டு மிச்சத்தையெல்லாம் உள்ளே தள்ளினேன், பிராசசரையும் மொத்தமாகத் தாரை வார்த்தேன், பட்டனை அமுக்கினேன், அவ்வளவுதான், திரை உறைந்தது, மவுஸ் செத்தது, விசிறி மட்டும் வாய்விட்டுக் கதறியது.

அந்த நேரம் பார்த்துக் கால்பந்துக் குழுவின் கோல்கீப்பர் கடை வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றார். நாளைக்கு இறுதி ஆட்டம், சட்டைகளில் காண்டாமிருகச் சின்னம் தைத்தாக வேண்டும்.

"சட்டை ரெடியாம்மா?"

"காண்டாமிருகம் உள்ள மாட்டிக்கிச்சு தம்பி, கொஞ்சம் உக்காருங்க" என்ற உங்கள் அத்தை என் பக்கம் திரும்பி, "வந்தவருக்குக் கட்டிலக் குடுத்துட்டு வீட்டுக்காரர் தெருவுல படுத்தா குடும்பம் எப்படி நடக்கும்?" என்றாள்.

சுருக்கென்று தைத்தது. அணைத்துப் போட்டு, இந்த முறை விருந்தாளிக்கு மெமரியைக் கிள்ளித்தான் வைத்தேன். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, கோல்கீப்பர் நாற்காலியிலேயே குறட்டை விட்டார். அவமானம் தாங்காமல், "சூடு ஆறட்டும், யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். ஈரத்தலையோடு திரும்பி வந்தால், மாப்பிள்ளை, ஊசி தடதடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது, முதல் சட்டையில் கொம்பு முளைத்துவிட்டது! கோல்கீப்பர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "காப்பாத்திட்டீங்க ஐயா" என்றார். என் கண் கலங்கியது, சோப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே நான் கடைசியாக வைத்த அளவே சரியானது, நடுவில் கணினிக்குச் சற்று ஓய்வும் தர வேண்டும். டிஃபால்ட் என்பதை மறுபரிசீலனை செய்யும்படி உங்கள் அலுவலகத்தில் தெரிவிக்கவும். நீங்கள் இருவரும் உறையாமல், சூடேறாமல், நெடுங்காலம் ஓட ஆசீர்வாதங்கள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு: மாப்பிள்ளை, இது அத்தை. தபால்ல போடச் சொல்லிக் கொடுத்தார். அவர் குளிக்கப் போனதும் நீங்க சொன்ன டிஃபால்ட் அளவையே திரும்ப வெச்சு நான்தான் பட்டனை அமுக்கினேன், உடனே ஓடிடுச்சு. அவருக்குத் தெரிய வேண்டாம். ஜெயிச்ச சந்தோஷத்துல இப்பதான் கணினியை விட்டு எழுந்து செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிருக்கார்.