அப்பா கொண்டுவந்த யூனிட் செல்

நிதானமானவள் என்று பெயரெடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நாம் சொதப்பப்போகிறோம் என்று யாருமே எதிர்பார்ப்பதில்லை, நாமும்தான்.

தொண்ணூறுகளில், எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்த கையோடு, அடையாறில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு விரிவுரையாளர் வேலை கேட்டுப் போனேன். மாணவிகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேர்வுக் குழு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும். வேலை கிடைக்காவிட்டால் என் ஜாதகத்தை வெளியே எடுப்பதென்று அம்மாவுடன் ஒப்பந்தம்.

பாடம், படிகங்கள். ஒரே மாதிரிப் பெட்டிகளை இடைவெளியில்லாமல் அடுக்கினால் படிகம். அதில் ஒரு பெட்டிதான் யூனிட் செல். ஈர்க்குச்சியும் களிமண் உருண்டையும் வைத்து மூன்று கனசதுரங்கள் செய்திருந்தேன். முதலாவதில் மூலைகளில் மட்டும் அணு. இரண்டாவதில் நட்டநடுவிலும் ஒன்று. மூன்றாவதில் மூலைகளோடு ஒவ்வொரு முகத்தின் நடுவிலும். அந்த மூன்றாவதுதான் என் பிரம்மாஸ்திரம். கல்லூரிக்குப் போய்ப் பையைத் திறந்தால் அது இல்லை. பெயின்ட் காயட்டும் என்று மயிலாப்பூரில் மேஜைமேலேயே விட்டுவிட்டிருக்கிறேன் (நிதானமானவள்!).

என் முறை வர நேரமிருந்தது. எதிரே இருந்த பூத்துக்கு ஓடி, மாடி வீட்டு மாமிக்கு போன் போட்டேன். எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது.

"மாமி, வித்யா பேசறேன். மேஜை மேல என் யூனிட் செல் இருக்கு. அப்பாவை உடனே காலேஜுக்கு எடுத்துண்டு வரச் சொல்லுங்கோ."

"என்ன செல்லுடி?"

"யூனிட் செல் மாமி!"

"சரி சரி, செல்லுதானே. நான் சொல்லிக்கறேன்."

(அந்த 'சரி சரி'யிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.)

பாடம் தொடங்கியது. முதல் இரண்டு மாதிரிகளைக் காட்டும்வரை நானே என்னை மெச்சிக்கொண்டேன். மூன்றாவதைக் கரும்பலகையில் வரைந்தேன். கோழிக்கூண்டு வந்தது. மூலை அணுவை எட்டுப் பெட்டிகள் பங்குபோடும், முக அணுவை இரண்டு பெட்டிகள் என்று சொல்லும்போதே எனக்குக் கூண்டின் எந்தக் கோடு முன்னால், எது பின்னால் என்று குழம்பிவிட்டது. மூலைகளை எண்ணினேன். ஒன்பது வந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து துறைத் தலைவி கேட்டார்: "ஆக, ஒரு செல்லுக்கு மொத்தம் எத்தனை அணும்மா?"

மறுபடி முதல் மூலையிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். ஜாதகம்தான் கண்முன் வந்தது.

வாசலில் வாட்ச்மேன் குரல்: "சார், கிளாஸ் நடந்துகினு கீது, இன்னா அவசரம்?"

அவரைத் தாண்டி அப்பாவின் தலை எட்டிப் பார்த்தது. கேள்வியில் 'செல்லு', 'மொத்தம் எத்தனை' மட்டும் காதில் விழுந்திருக்க வேண்டும். "நாலு, மேடம்!" என்றார். கையை விரித்துக் காட்டினார். நான்கு டார்ச் லைட் பேட்டரிகள்.

வகுப்பே சிரித்தது. துறைத் தலைவி சிரிக்கவில்லை. "எப்படி நாலு?" என்றார்.

"நம்மாத்து டார்ச்சுக்கு மூணு போடணும். ஒண்ணு உபரியா இருக்கட்டுமேன்னு..." என்று விளக்கிவிட்டு, அப்பா என் பக்கம் திரும்பினார். "மேஜைல ஒரு செல்லும் இல்லைடி. ஏதோ உருண்டை உருண்டையா பொம்மைதான் காஞ்சிண்டிருந்தது. கடையில வாங்கிண்டு வந்தேன்."

மூணும் ஒண்ணும்! தலைக்குள் விளக்கு எரிந்தது (பேட்டரி உபயம்: அப்பா).

"அப்பா கணக்கு ரொம்பச் சரி, மேடம்" என்றேன். மேஜையில் மூன்று பேட்டரிகளை நிறுத்தினேன். "ஆறு முகங்கள், ஆறு அரை அணுக்கள், மூணு." நான்காவதைத் தள்ளி வைத்தேன். "எட்டு மூலைகள், எட்டு அரைக்கால் அணுக்கள், ஒண்ணு. ஆக நாலு."

இப்போது துறைத் தலைவியும் சிரித்துவிட்டார்.

அந்த வேலை கிடைத்தது. யாருக்குக் கிடைத்தது என்பதில்தான் எங்கள் வீட்டில் இன்றுவரை தகராறு. கரண்ட் போனால் போதும், இருட்டில் அப்பாவின் குரல் கேட்கும்: "லெக்சரர் அம்மா, யூனிட் செல்லு எங்கே இருக்குன்னு கொஞ்சம் பாரு. உருண்டையா இருக்கறதை எடுத்துண்டு வந்துடாதே!"