ஊர் விளக்கை அணைத்தவன்

திரையில் கறுப்புக் கண்ணாடி போட்ட பையன் கீபோர்டில் நாலு தட்டுத் தட்டினான். ஒரு நகரமே இருண்டு போனது.

வைத்தீஸ்வரன் ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்தினார். வங்காளத்தில் டாக்குரியா என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பாங்க் ஆபீசர் அவர். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகள் ஸ்னேகா வாங்கிக் கொடுத்த வி.சி.டி. பிளேயரைக் காட்டுவதற்காகவே, ஞாயிறு சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டு ஹாக்கர் படம் போட்டிருந்தார்.

"நம்ம ஸ்னேகாவுக்கு அங்கே இதுதான் வேலை. இந்த மாதிரிப் பசங்களைப் பிடிக்கறது."

"அடேங்கப்பா, என்ன மூளை!" என்றார் பக்கத்து ஃப்ளாட் மித்ரா பாபு.

மாடி வீட்டுத் திருவேங்கடத்துக்கு வாயிலிருந்த மொறுமொறு நிம்கி பலகாரம் கசந்தது. ரயில்வே ஆபீஸில் சூப்பரின்டெண்ட் அவர். ஸ்னேகா அமெரிக்கா போன நாளிலிருந்து அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அவள் கார் வாங்கியபோது எரிந்தது. பனியில் நின்று ஃபோட்டோ அனுப்பினாள். அந்தப் பனியைப் பார்த்தும் எரிந்தது. அவருடைய மகன் தினேஷ்குமாரோ கடியாஹாட்டில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான்.

"பிடிக்கறது என்ன ஓய் பெரிசு?" என்றார் திருவேங்கடம். "விளக்கை அணைக்கறதுதான் கஷ்டம். என் பையன் அதைக் கண்ணை மூடிண்டு பண்ணுவான்."

சொல்லி வாயை மூடவில்லை. கரெண்ட் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே தெருவே இருட்டு.

"தினேஷ் இப்போ எங்கே?" மித்ரா பாபுவின் குரல் மெதுவாக வந்தது.

"மாடியில. கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணிண்டிருந்தான்."

வழக்கமான மின்வெட்டு, லோட்ஷெடிங் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் யாரோ மெழுகுவத்தி ஏற்ற, வைத்தீஸ்வரனின் முகம் தெரிந்தது. பொறாமையில் தொங்கிப் போயிருந்தது. அத்தனை அழகான காட்சியைத் திருவேங்கடம் வருஷக்கணக்கில் பார்த்ததில்லை. ஒன்றும் சொல்லாமல் புன்னகை செய்தார்.

மறுநாள் காலையில் மித்ரா பாபு சந்தேஷ் இனிப்புப் பொட்டலத்தோடு மாடியேறி வந்தார்.

"தாதா, நீங்க எனக்கு அண்ணா மாதிரி. புதன்கிழமை கிரிக்கெட் மேட்ச். அன்னிக்கு மட்டும் கரெண்டை விட்டு வைக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்," என்று திருவேங்கடம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

"அவனுக்கு ஃப்யூஸ் போடவே தெரியாது. எதுக்கு இந்த வம்பு?" என்றாள் மனைவி விஜயலக்ஷ்மி.

"நீ சும்மா இரு. இன்னிக்குக் காலையில வைத்தி என்னைப் பார்த்ததும் அவனே முதல்ல வணக்கம் சொன்னான்."

புதன்கிழமை கடைசி ஓவரில் கரெண்ட் போனது. திருவேங்கடத்தைச் சித்தப்பா முறையில் 'காக்கு' என்று கூப்பிடும் தெருமுனை கிளப்பின் காரியதரிசி நாலு பேரோடு வந்து நின்றார்.

"ஜெயிக்க நாலே ரன்தான் பாக்கி, காக்கு! தினேஷுக்கு எங்க மேல என்ன கோபம்?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கீழே வைத்தீஸ்வரன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"உங்க மைக் சத்தம் அவனுக்குப் பிடிக்கலை," என்றார் திருவேங்கடம்.

கிளப்பில் மைக் நின்றது. கரெண்ட் போவது நிற்கவில்லை. நல்ல வெயில் காலம், தினமும் போனது. ஒவ்வொரு தடவையும் அது யாருக்கான தண்டனை என்று கட்டடமே யோசித்தது. மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கும் ஜாமாய் ஷஷ்டி பண்டிகைக்கென்று மித்ரா பாபு வாங்கி வைத்திருந்த இலிஷ் மீன் ஃப்ரிட்ஜிலேயே நாறிப்போனது. சந்தேஷ் கொடுத்த கை இப்போது நெற்றியில் அடித்துக்கொண்டது. தினேஷைக் கண்டால் படிக்கட்டில் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அவன் எதையும் கவனிக்காமல் தனக்குத்தானே சிரித்தபடி மாடியேறினான்.

ஒரு வெள்ளிக்கிழமை வைத்தீஸ்வரன் திருவேங்கடத்தை வாசலில் வழிமறித்தார்.

"அன்னிக்குப் படத்தை முழுசாப் பார்க்கலையே நீர்? கடைசியில அந்தப் பையன் வீட்டுக்குப் போலீஸ் வர்றது."

திருவேங்கடம் சாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு யோசித்தார். எல்லோரையும் கூட்டி உண்மையைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் வைத்தி சிரிப்பான். பையன் ஜெயிலுக்குப் போவதா, வைத்தி சிரிப்பதா என்று எடைபோட்டுப் பார்த்தார். சட்டென்று முடிவுக்கு வர முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் கதவைத் தட்டியவர் தோளில் ஒரு பையோடு நின்றார்.

"தினேஷ்குமார் வீடு இதுதானே? போலீஸ் ஸ்டேஷன்லேருந்து வரேன்," என்றார் வங்காள மொழியில்.

திருவேங்கடம் கதவைப் பாதி சாத்திக்கொண்டார். "அவன் வகுப்புக்குப் போயிருக்கான். நான் அவன் அப்பா."

"பையன் எப்படிப்பட்டவர்? அவர் மேலே கேஸ் கீஸ் ஏதாவது உண்டா?"

"ஐயா, அவனுக்கு ஒண்ணும் தெரியாது! சத்தியமா ஃப்யூஸ் போடக்கூடத் தெரியாது!"

வந்தவர் புருவத்தைத் தூக்கினார். "கீழ் வீட்டு பாங்க் பாபு வேற மாதிரி சொல்றாரே? டாக்குரியா கரெண்டே உங்க பையன் கையிலதான் இருக்காம். உடனே பிடிச்சு உள்ளே போடுங்கன்னார்."

வைத்தியா! பயம் போன இடம் தெரியவில்லை. அத்தனை வருஷத்து எரிச்சலும் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்தது.

"எல்லாம் அவர் பொண்ணு ஸ்னேகா பண்ற வேலை, ஐயா! அமெரிக்காவில உட்கார்ந்துண்டு இங்கே விளக்கை அணைக்கறா. என் பையன் பேர்ல பழி போடறா. மகா கேடி! பிடிக்கறதுன்னா அவளைப் பிடிங்கோ!"

வந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். விஜயலக்ஷ்மி கொண்டுவந்த தண்ணீரை வாங்கி நிதானமாகக் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் வந்தது பாஸ்போர்ட் விசாரணைக்கு, காக்கு. உங்க பையன் அமெரிக்காவில இருக்கிற பெண்டாட்டிகிட்டப் போகணுமாம். ரிஜிஸ்டர் கல்யாணமாம், பெண்டாட்டி பேர் ஸ்னேகான்னு ஃபார்ம்ல இருக்கு. கீழே மாமனார் மாப்பிள்ளையை ஜெயில்ல போடுங்கறார், மேலே நீங்க மருமகளைப் பிடிங்கறீங்க. இப்படிப்பட்ட சம்பந்திங்களை நான் பார்த்ததே இல்லை!"