துண்டுக்கடியில் ஒரு கோச்

பெரிய கடைவீதி,
திருச்சிராப்பள்ளி,
12-7-1938

பட்டணத்தில், பெரியமேட்டில் தோல் மண்டி நடத்தும் என் அன்புள்ள மாமா ஜெகபர் அலி அவர்களுக்கு, மருமகள் மஜீதா ஸலாம் சொல்லி எழுதுவது. ஆண்டவன் கிருபையால் அத்தா, அம்மா, நான் மூவரும் சுகம். மாமியும் பிள்ளைகளும் அங்கே எங்களைவிடச் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். மாமியிடம் காட்ட வேண்டாம். காட்டினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

போன மாதம் ஸ்ரீரங்கத்து வக்கீல் குமாஸ்தாக்கள் சேர்ந்து ஆடிய ஒரு டீமிடம், மாதச் சம்பளம் வாங்கும் நம் புட்பால் கிளப் ஆட்டக்காரர்கள் மூன்று கோல் வாங்கிவந்தது உங்களுக்குத் தெரியும். பாதிச் சம்பளம் போடுகிறவரே நீங்கள்தானே. அதிலிருந்து அத்தா காந்தி மார்க்கெட் பக்கம் போவதில்லை. வாழைத்தார் தூக்குகிறவர்கள்கூட, "என்ன பாய், குமாஸ்தாங்க கோர்ட்டுலதான் ஜெயிப்பாங்கன்னு நெனச்சோம்" என்கிறார்களாம். ஆகவே சம்பளத்துக்கு ஒரு கோச் வைப்பதென்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். அதை இங்கிலீஷில் எழுதியது நான்தான். கடைசி வரியாக, கிளப்பின் கடிதப் போக்குவரத்தையும் கோச்சே கவனிக்க வேண்டும் என்று சேர்க்கச் சொன்னார். என் பேனா நின்றுவிட்டது. "ஏன் அத்தா, அதை நான்தானே பாக்குறேன்" என்றேன். "நீ எத்தனை நாளைக்கும்மா பாப்பே, நாளைக்கே நல்ல இடம் வந்தா போயிடுவே" என்றார்.

மாமா, மூன்று வருஷமாக அந்தக் கடிதங்கள் என்னுடையவை. தஞ்சாவூர்ச் செயலாளரும் மதுரைச் செயலாளரும் என்னை "அன்புள்ள ஐயா" என்றுதான் அழைக்கிறார்கள். ஒரு பெனால்டி விஷயமாக மதுரைக்காரரோடு ஆறு மாதம் சண்டை போட்டு ஜெயித்திருக்கிறேன். வாசற்படி தாண்டாத நான் ஊர் ஊராகப் போய்வருவது அந்த உறைகளுக்குள்தான். அது என்னை விட்டுப் போய்விடக் கூடாது. இதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் கீழே எழுதும் சந்தேகங்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். காலையில் மைதானத்தில் பையன்களோடு ஆடிக் காட்டிவிட்டு, வெயில் ஏறியதும் நம் வீட்டுக்கு. அத்தா கூடத்தில், நான் கதவுக்குப் பின்னால். முதலில் பாலக்கரை செபஸ்தியான். காலில் பூட்ஸ். வெறுங்காலோடு ஆடும் நம் பையன்கள் மைதானத்தில் அந்த பூட்ஸைத் தொட்டுப் பார்த்தார்களாம். மூன்று ஊரில் மூன்று துரைமார் கொடுத்த நற்சான்றிதழ்களின் டைப் அடித்த நகல்களை நீட்டினார். கதவிடுக்கு வழியாக என்னிடம் வந்தன. மூன்றிலும் ஒரே எழுத்து வரியை விட்டு மேலே துள்ளுகிறது. மூன்று ஊரில் மூன்று மெஷின் ஒரே மாதிரி நொண்டுமா என்று எனக்குச் சந்தேகம். நகல்களை ஒரே இடத்தில் கொடுத்து அடித்திருக்கலாம் என்பதும் தோன்றாமல் இல்லை. பின்னால் தோன்றிய இதை மட்டும் அத்தாவிடம் சொல்லவில்லை. செபஸ்தியான் இங்கிலீஷ் பேசும் அழகைக் கேட்டபோது சொல்லத் தோன்றவில்லை.

இரண்டாமவர் குத்புதீன், நாகூர்ப் பக்கம். வாயைத் திறந்ததுமே, புட்பால் என்பது பதினோரு உடம்பில் ஓடும் ஒரே உயிர் என்றார். அத்தாவுக்குக் கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை, ஏனென்றால் அந்த வாக்கியம் நான் படித்த ஓர் இங்கிலீஷ் கையேட்டின் முன்னுரையில் இருக்கிறது. அவர் சொன்ன அடுத்த வாக்கியம் அதே முன்னுரையின் அடுத்த வாக்கியம். ஒரு மணி நேரம் பேசியும் முன்னுரையைத் தாண்டவில்லை.

மூன்றாமவர் அற்புதசாமி, முசிறியிலிருந்து பஸ்ஸில் வந்தவர். சான்றிதழ் ஒன்றுகூட இல்லை. "எங்க ஆடியிருக்கீங்க?" என்று அத்தா கேட்டால், "கூப்பிட்ட இடத்துல எல்லாம் ஆடியிருக்கேங்க" என்கிறார். பொய்ச் சான்றிதழாவது கொண்டுவருகிறவன் நம்மை மதிக்கிறான். ஒன்றுமே கொண்டுவராதவனை என்னவென்று நினைப்பது, நீங்களே சொல்லுங்க.

பிறகு சம்பளப் பேச்சு. அத்தா அதையும் தம் தோல் மண்டி வழக்கப்படிதான் செய்தார். விலையை வாயால் சொல்லாமல், இரண்டு பேர் கைமேலும் துண்டைப் போட்டு விரலைப் பிடித்துப் பேசுவது. ஒரு விரலுக்குப் பத்து ரூபாய், மடித்த விரலுக்கு ஐந்து. கையை முழுதாகப் பிடித்துக் குலுக்கினால் பேரம் முடிந்தது. இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், செபஸ்தியானுக்குத் தெரியாது. மனுவில் அறுபது கேட்டவர் அவர். அத்தா சும்மா ஆழம் பார்க்க நாலு விரலைப் பிடித்தாரோ இல்லையோ, செபஸ்தியான், துரைமார் வழக்கப்படி கைகொடுக்கிறார் என்று எண்ணிச் சந்தோஷமாகக் கையைப் பிடித்து நாலு குலுக்குக் குலுக்கிவிட்டார். அத்தா முகம் கறுத்துப்போய் உள்ளே வந்தார். "அறுபது கேட்டவன் நாப்பதுக்கு வாயத் தொறக்காம குடுக்குறான்னா, தோலுல எங்கயோ ஓட்டை இருக்கும்மா." அவர் குலுக்கியது விலையை அல்ல, உங்கள் கையைத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் வெற்றிலைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

குத்புதீனோ அத்தாவை வைத்தியம் பார்க்கும் ஹகீம் என்று நினைத்துவிட்டார். விரலைப் பிடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "மூணு நாளா வயிறு சரியில்லீங்க, அது நாடியிலயே தெரியுதா?" என்றார். அம்மா அவருக்கு மட்டும் சுக்குக் கஷாயம் கொடுத்து அனுப்பினாள். அற்புதசாமி மட்டும் அசரவில்லை. துண்டுக்கடியில் பூனைக்குட்டி புகுந்ததுபோல் கால் மணி நேரம் ஆட்டம். கடைசியில் நாற்பத்தைந்தும், ஞாயிறு காலை பூசைக்கு லீவும் என்று முடிந்தது. அவர் அப்பா மணப்பாறை மாட்டுச் சந்தைத் தரகராம், அங்கேயும் துண்டுப் பேரம்தான். "ஆளு வெவரமானவன்" என்கிறார் அத்தா. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய சந்தேகம். புட்பால் ஆடுகிறவனுக்கு மாட்டுப் பேரம் இவ்வளவு வருமானால், மாட்டுத் தரகனுக்குப் புட்பால் எவ்வளவு வரும்?

அத்தா உங்களைக் கேட்காமல் முடிவு சொல்லமாட்டார், வெள்ளிக்கிழமை ஜும்ஆ வரை பொறுத்திருக்கிறார். ஆகையால், மூன்று பேரும் வேண்டாம், இந்த வருஷம் கோச்சே வேண்டாம், கடிதங்கள் இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று, உங்களுக்கே தோன்றியதுபோல, ஒரு வரி எழுதிப்போடுங்க மாமா.

மாமிக்கு ஸலாம். சின்னவனுக்கு முத்தம். உங்கள் மண்டியில் பரக்கத் பெருகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
மஜீதா

பின்குறிப்பு: மாமா, எழுத வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது அற்புதசாமி மறுபடி வந்தார். அத்தா உங்களுக்காகக் காத்திருக்கவில்லை, துண்டில் முடித்ததை மாற்றக்கூடாதாம். கிளப் விதிகளைப் படித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். "எனக்கு எழுதப் படிக்க வராதுங்க, ரேகைதான்" என்று அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். கடிதங்கள் இனி என்னிடமே என்று அரைமணி நேரம் நான் அடைந்த சந்தோஷத்தை என்னவென்பது. மேலே அவரைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். நேர்மையான மனிதர், முகத்திலேயே தெரிகிறது. அந்த அரைமணி கழிந்ததும் அவர், "ஒத்தாசைக்கு ஒருத்தர் வேணும் பாய். அன்னைக்கு வந்தாரே பூட்ஸ்காரர், பந்தை நிறுத்துறதப் பாத்தேன், நல்ல கால். நாப்பதுக்கு ஒத்துக்கிட்டாருன்னு சொன்னீங்கல்ல. அவரை எடுத்துக்குங்க, எழுத்து வேலையும் அவரே பாத்துக்குவாரு" என்றார். அத்தாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. செபஸ்தியானை அழைத்து இங்கிலீஷில் எழுதும் பொறுப்பு எனக்கு. எழுதிவிட்டேன். மூன்று வருஷத்தில் இவ்வளவு நன்றாக ஒரு கடிதம் என் பேனாவில் வந்ததில்லை. தபாலில் மட்டும் இன்னும் சேர்க்கவில்லை.