பத்தியக்காரியின் கைப்பை

பெயர் தெரியாத உடம்பு வருத்தம் ஒன்று உங்களுக்கு இருந்தால், ஊரிலுள்ள எல்லாரும் உங்களுக்கு வைத்தியர்தான். இந்த உண்மையை நான் இருபத்தாறு வயதில் கண்டுபிடித்தேன். அதே வருடம்தான் என் தங்கையின் கலியாணத்தை நாலு இறாலால் குழப்பப் பார்த்தேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

அப்போது நான் குருக்கள்மடத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலையில் கண்விழித்தால், இரவு முழுக்க நெல்மூட்டை சுமந்தவள் போல உடம்பு நோகும். தோள், இடுப்பு, விரல் மூட்டு என்று நோ இல்லாத ஒரு இடம் மிச்சமில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்ல, எல்லாம் உங்கட யோசினை" என்று பனடோல் தந்தார்கள். (சண்டை நடந்து, தலைக்கு மேல் ஆமியின் ஹெலிகொப்டர் சுற்றுகிற காலத்தில் யோசிக்காமல் இருந்தவள் யார்?) இப்போது அதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று அதற்குப் பெயர் சோம்பல்.

பரியாரி நாடி பிடித்து, "வாதம்" என்றார். தயிர், இறால், நண்டு, கத்தரிக்காய் நான்கும் போயின. பக்கத்து வகுப்பு ரீச்சர் ஏதோ சஞ்சிகையில் வாசித்துவிட்டுக் கோதுமை மாவை நிறுத்தினார். காத்தான்குடியிலிருந்து துணி கொண்டுவரும் தாத்தா, "சீனிய உடுங்க ரீச்சர், கருஞ்சீரகம் தின்னுங்க" என்றார். நான் மடைச்சி, எல்லாவற்றையும் கொப்பியில் கோடு போட்டு எழுதி, எல்லாவற்றையும் கடைப்பிடித்தேன். கடைசியில் குரக்கன் களியும் முருங்கையிலையும்தான் மிஞ்சின. உடம்பு பாதியானது. நோ மட்டும் கொழுத்துப்போய் இருந்தது.

இந்த நிலையில்தான் தங்கை வசந்திக்கு மாப்பிள்ளை கேட்டு வாவியின் அந்தப் பக்கம், படுவான்கரைக்குப் போக வேண்டி வந்தது. அப்பா இல்லை. அம்மாவுக்குப் படகு என்றால் பயம். ஆகவே தாய்மாமனும் நானும். வசந்தியும் அந்தப் பையனும் மூன்று வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர்கள். அவன் தாய் சம்மதித்தால்தான் கட்டுவான்.

புறப்படும்போது வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அங்க போய் உன்ட வருத்தக் கதைய எடுத்திராத கா. பரம்பரை வருத்தமெண்டு பயந்திருவாங்க."

"எடுக்கமாட்டன், போ" என்று சத்தியம் செய்தேன். அங்கே வாய் திறந்து சாப்பிட வேண்டியும் வரும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

எங்கள் பக்கத்தில் பேச்சு ஒத்துவந்தால் மாப்பிள்ளை வீட்டிலேயே கை நனைக்க வேண்டும். நனைக்காமல் எழும்பினால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். அன்று பேச்சு நன்றாகவே ஒத்துவந்தது. பாய் விரித்தார்கள். மாப்பிள்ளையின் தாய் (நான் மாமி என்றே கூப்பிட்டேன்) பரிமாறினார்: நண்டுக் கறி, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, கடைசியில் ஒரு சட்டி எருமைத் தயிர். என் கொப்பியைப் பார்த்துச் சமைத்தது போல இருந்தது.

"எனக்குப் பசியில்ல மாமி" என்றேன்.

மாமியின் முகம் இருண்டது. கூட வந்த எங்கள் மாமா என்னைப் பார்த்த பார்வையில் நான் பாயோடு எரிந்திருக்க வேண்டும். "சும்மா சொல்றாள், நீங்க போடுங்க" என்றார்.

வருத்தத்தைச் சொன்னால் வசந்தி போனாள். சாப்பிட்டால், பரியாரி சொன்னபடி, நான் போனேன். மாமி கறி எடுக்கக் குசினிக்குள் போனதும், மாமா நண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததும், என் மடியில் கைப்பை இருந்ததும் ஒரே நேரம். இரண்டு இறாலும் இரண்டு நண்டுக் காலும் உள்ளே போயின. காலையில் களி கொண்டுவந்த வெறும் டப்பாவுக்குள் தயிர் போனது. மாமி திரும்பி வந்து வெறும் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்து, "பாத்தீங்களா, பசியில்லையாம்!" என்று பூரித்துப்போய் இன்னும் இரண்டு இறால் வைத்தார். அதுவும் பைக்குள்தான்.

வழியனுப்பத் துறைவரை மாமியும் வந்தார். அங்கே ஆமியின் சென்றி, வருகிறவர் போகிறவரைச் சோதிக்கிற காவலரண். காலையில் பையைத் திறந்துகூடப் பார்க்காத ஆமிக்காரன் இப்போது அதை மேசையில் கவிழ்த்தான். என் அடையாள அட்டை விழுந்தது. அதன்மேல் ஒரு இறால் விழுந்தது. பிறகு மற்ற எல்லாம்.

அவன் சிரிக்கவில்லை. "சாப்பாடு யாருக்கு?" என்றான். ஒளித்துச் சாப்பாடு கொண்டுபோவது இயக்கப் பொடியன்களுக்காகத்தான் இருக்கும் என்று அந்த நாட்களில் எவரும் விளக்கத் தேவையில்லை. மாமாவுக்கு வியர்த்தது.

"நான்தான் கட்டிக் குடுத்தன்" என்றார் மாமி.

அவன் எண்ணெய் வடிகிற பையைப் பார்த்தான். "இப்படியா கட்டுறது?"

"அவசரத்தில வாழையில வெட்டல்ல" என்றார் மாமி, பின்னால் ஒரு வாழைத் தோட்டத்தை வைத்துக்கொண்டு.

அவன் போகச் சொல்லிக் கையசைத்தான். மாமி என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "எங்கட சோறு உனக்குக் குப்பையா புள்ள?" அதைக் கேட்டதும் என் சத்தியம் காற்றில் பறந்தது. நோ, பரியாரி, கொப்பி, களி, எல்லாவற்றையும் அழுது கொட்டினேன்.

"உன்ட தங்கச்சிக்கும் இந்த வருத்தம் இருக்கா?"

"இல்ல மாமி. அவளுக்குக் கல்லத் திண்டாலும் செமிக்கும்."

மாமி என் கையிலிருந்த பையை வாங்கி மூடினார். "நோ எண்டா நோ எண்டு சொல்லன் கா. களவெடுக்கிறதே? கடைசிப் படகுக்கு இன்னும் நேரமிருக்கு. வீட்டுக்குக் கிறுகி வா, எனக்கு முன்னால சாப்பிட்டுட்டுப் போ."

சாப்பிட்டேன். இரண்டு கோப்பை சோறு, மிச்ச நண்டு, தயிர். ஒரு வருடத்துக்குப் பிறகு வாய்க்கு ருசி என்றால் என்னவென்று தெரிந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். அந்தக் கோப்பையோடு வசந்தியின் கலியாணம் உறுதியானது. அடுத்த நாள் காலை உடம்பெல்லாம் நோதான். முதல் நாளும் அதே நோதான். நாசமாய்ப் போன கொப்பியை அடுப்பில் போட்டேன்.

கனகாலத்துக்குப் பிறகு பெயர் கண்டுபிடித்துச் சொன்ன டொக்டரிடம் முதலில் கேட்டது, "என்ன சாப்பிடக் கூடாது?" அவர், "இதுக்கெண்டு ஒரு பத்தியமில்ல. நேரத்துக்கு, அளவா, எல்லாம் சாப்பிடுங்க. நடங்க, நித்திரை கொள்ளுங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் தப்பியது பெரிய காரியம்.

வசந்தியின் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களுக்குப் போன மாதம் விருந்து. நான் வாசலில் செருப்பைக் கழற்ற முதலே அந்த மகள் என் கைப்பையை வாங்கி ஆணியில் கொழுவிவிட்டாள். வந்தவர்கள் ஏனென்று கேட்க, வீடே சேர்ந்து கதை சொன்னது. முப்பது வருட நோவை இந்த வீட்டில் ஒருவரும் முழுதாக நம்பியதில்லை. நாலு இறாலை எல்லாரும் நம்புகிறார்கள்.