நிழலில் பறித்த மாதிரி

சூரியன் ஒருநாள் அந்தப் பேரிக்காய்த் தோட்டத்துக்குள் நுழையப் பார்த்து, வழி தெரியாமல் வேலியோரமாகவே திரும்பிப் போய்விட்டான். இதைப் பொய் என்பவர்கள் தோட்டத்து ஆண்டறிக்கையைப் படிக்காதவர்கள். பக்கம் நான்கு.

தோட்டத்துச் சொந்தக்காரரான தலைமைக் கண்காணிப்பாளர் ஓய்வுபெற்று அலுவலகத்தை விட்டாரே தவிர, அலுவலகம் அவரை விடவில்லை. நாற்பது பேரி மரங்களுக்கும் கோப்பு எண் கொடுத்து 'நிர்வகித்து' வந்தார். கிளை கழித்துக் கவாத்து செய்வது அவருடைய மைத்துனன். அத்தானின் மகிமையில் அவனுக்கு மட்டும் நம்பிக்கை போதாது.

மாதம் ஒருமுறை பரிசோதனைக்கூடத்துக்கு இலை அனுப்ப வேண்டும். வெயில் படும் பக்கம், தோள் உயரத்தில் பறிக்க வேண்டும் என்பது விதி. கண்காணிப்பாளருக்கு வெயில் ஆகாது. முதல் மரத்தடியில் நாற்காலி போட்டு, உட்கார்ந்தபடி கைக்கு எட்டிய நிழல் இலையைப் பறித்து, உறையிலிட்டுக் கையொப்பமிடுவார்.

'சத்துக் குறைவு' என்று அறிக்கை வரும். உடனே நாற்பது மரத்துக்கும் உரம். உரம் விழுந்ததும் இலை தழைக்கும்; தழைத்ததும் நிழல் கூடும். நிழலில் இருக்கும் இலை வெயிலுக்கு ஏங்கி அகலமாகும், மெலியும். அடுத்த மாதமும் 'சத்துக் குறைவு'. மறுபடி உரம். நிர்வாகம் என்றால் இதுவல்லவா நிர்வாகம்.

"அத்தான், உள்ள வெயிலே விழல. நாலு கிளையை எடுத்துட்டா சரியாயிடும்."

"அறிக்கையில வெயில்னு ஒரு வார்த்தை இருக்கா மாப்ள?"

"அறிக்கை எழுதினவர் மரத்தைப் பாக்கலையே."

"நீதான் பாத்தியே, நீ ஏன் அறிக்கை எழுதல?"

கேட்டதோடு நில்லாமல், அவனுடைய ரம்பத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "இந்த வருஷம் இலை ஒவ்வொண்ணும் தட்டு அகலம் வரும். எழுதி வச்சுக்கோ."

"வந்தா பத்துப் பேர் முன்னால நானே ஒத்துக்கறேன்."

கவலையெல்லாம் கண்காணிப்பாளரின் மனைவிக்குத்தான், அதாவது மைத்துனனின் அக்காவுக்கு. இந்தப் பருவமும் விளைச்சல் காட்டாவிட்டால் கூட்டுறவுச் சங்கம் தோட்டத்தின் பெயரை அடித்துவிடும். "பூவையே காணோமேடா," என்றாள் தம்பியிடம்.

அறுவடை நாளன்று சங்கத்து ஆய்வாளர் பத்து உறுப்பினர்களோடு வந்தார். பட்டப்பகலில் கைவிளக்கு ஏந்தித் தோட்டத்துக்குள் போனார்கள். கண்காணிப்பாளர் ஆண்டறிக்கையை வாசித்தார். 'வரலாறு காணாத இலை வளர்ச்சி' என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தார்.

ஆய்வாளர் மைத்துனன் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் நிஜமாப்பா?"

அவன் ஓர் இலையைப் பறித்து இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினான்.

"நிஜம்தாங்க. நான்தான் நம்பல. தட்டு அகலம் வரும்னார், வந்திருச்சு. அதுல எடுத்து வைக்கத்தான் ஒரு பழம் இல்ல."